ஒரு கோப்பில் மூன்று குடித்தனம்: ரெயில்ஸ் சட்டகத்தில் சார்புகளும் அமைவுகளும் பிரிந்த வரலாறு

2008 ஜூனில் ரெயில்ஸ் 2.1 வெளியானது. அதைக் கணினியில் நிறுவிப் புதிய வலைச்செயலி ஒன்றைத் தொடங்கினால், ‘கான்ஃபிக்’ அடைவுக்குள் ‘என்விரான்மென்ட்.ஆர்பி’ என்ற கோப்பு தானாகவே எழுதப்பட்டுவிடும். விளக்கக் குறிப்புகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிகச் சிறிய கோப்பு. அதன் தலைமாட்டில் ரெயில்ஸின் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற எண். அதன்கீழ், வேறு என்னென்ன ஜெம்கள், அதாவது ரூபி நிரல் தொகுப்புகள், தேவை என்று குறிக்கும் இடம். அடுத்து நேர மண்டலம் போன்ற அமைவுகள். கடைசியில், பயனர்களின் குக்கீகளுக்கு முத்திரையிடும் 128 எழுத்து ரகசியச் சாவி.

சார்புகள், அமைவுகள், ரகசியம் என்ற மூன்று குடித்தனங்கள் அந்த ஒற்றைக் கூரையின் கீழ் இருந்தன. மூன்றின் இயல்பும் வேறு. சார்புகளின் பட்டியல் எல்லாக் கணினியிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தாக வேண்டும். அமைவுகள் நிரலோடு சேர்ந்தே பயணம் செய்யலாம். உருவாக்குபவரின் கணினியில் ஒரு விதமாகவும் சர்வரில் வேறு விதமாகவும் இருக்கலாம். ரகசியமோ நிரலோடு சேர்ந்து எங்கும் போகவே கூடாது. இந்த வேறுபாடு இன்று எந்த நிரலாளருக்கும் தெரிந்த செய்தி. அன்று அது தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு குடித்தனமும் தனக்கான வீட்டைத் தேடிப் போக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. பேஸ்கேம்ப், கிட்ஹப், ஷாப்பிஃபை தொடங்கி, 2010இல் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்டெஸ்க் வரை எத்தனையோ சேவைகள் ரெயில்ஸின் மேல் எழுந்தவை என்பதால் இது சிறு வட்டத்துக்குள் நடந்த மாற்றம் அன்று.

அந்த இடப்பெயர்ச்சியைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது. வழியில் எழுந்த சிக்கல்கள் பல. ஆனால் உற்றுப் பார்த்தால் அவை எல்லாவற்றின் அடியிலும் ஒரே கேள்வி கிடக்கிறது: ஒரு முடிவை நிரல் ஓடத் தொடங்கிய பிறகு எடுப்பதா, அதற்கு முன்பே எடுத்து எழுதி வைப்பதா?

ஆஸ்டினில் பிறந்த ஜெம்

யுகிஹிரோ மாட்சுமோட்டோ ரூபி மொழியைப் பொதுவில் வெளியிட்டது 1995இல். பெர்ல் மொழிக்கு சிபான் என்ற பொதுக் களஞ்சியம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். ரூபிக்கு அப்படியொன்று வாய்க்க மேலும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை இருந்தது பெயர்ப்பட்டியல் மட்டுமே. தேவையான நிரலகத்தைப் பட்டியலில் தேடி, எழுதியவரின் தளத்துக்குப் போய், சுருக்கிய கோப்பை இறக்கி விரித்து, உள்ளே இருக்கும் நிறுவல் நிரலைக் கையால் இயக்க வேண்டும். அந்த நிரலகத்துக்கு இன்னொன்று தேவை என்று தெரியவந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2003 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ரூபி மாநாடு நடந்தது. அங்கே கூடியிருந்த சாட் ஃபௌலர், ஜிம் வெய்ரிச், டேவிட் பிளாக், பால் பிரானன், ரிச்சர்ட் கில்மர் ஆகிய ஐவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதே ரூபிஜெம்ஸ். 2004 மார்ச் 14 அன்று அது வெளியானது. நான்கு மாதம் கழித்து, ஜூலையில், டேவிட் ஹைனமயர் ஹான்சன் தன் நிறுவனத்தின் பேஸ்கேம்ப் செயலிக்குள்ளிருந்து பிரித்தெடுத்த ரெயில்ஸ் சட்டகத்தை உலகுக்குக் கொடுத்தார். ரெயில்ஸ் பரவியதற்கு அது ஒரே கட்டளையில் நிறுவக்கூடிய ஜெம்மாகக் கிடைத்ததும் ஒரு காரணம். ஐவரில் வெய்ரிச்சுக்குத் தனி இடம் உண்டு. ரூபிக்காரர்கள் தினமும் பயன்படுத்தும் ‘ரேக்’ கருவியும் அவர் எழுதியதே. 2014இல் அவர் மறைந்தபோது, அவர் கடைசியாகச் சேர்த்த நிரல் வரிகளின் கீழேயே உலகெங்குமிருந்து அஞ்சலிகள் வந்து குவிந்தன.

ரூபிஜெம்ஸின் வடிவமைப்பில் ஒரு பெருந்தன்மை இருந்தது. ஒரே ஜெம்மின் பல பதிப்புகள் ஒரே கணினியில் பக்கம் பக்கமாகக் குடியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதிப்பெண்ணும் சேர்ந்த தனி அடைவு. நிரல் ஓடும்போது யாராவது ஒரு ஜெம்மைக் கேட்டால், அந்தக் கணத்தில் ரூபிஜெம்ஸ் அடைவுகளைத் துழாவும். நிபந்தனைக்கு உட்பட்டவற்றில் மிகப் புதியதை எடுத்து, அதன் பாதையை ரூபியின் தேடுபாதையில் சேர்க்கும். இதற்கு ‘செயல்படுத்துதல்’ என்று பெயர். ஒரு பதிப்பு செயல்பட்டுவிட்டால் அந்த ஓட்டம் முடியும்வரை அதே ஜெம்மின் வேறொரு பதிப்புக்கு இடமில்லை.

சிறிய நிரல்களுக்கு இது போதுமானதாக இருந்தது. இருபது, முப்பது ஜெம்களை அணைத்து நிற்கும் வலைச்செயலிக்கு இதுவே வினையானது.

2010 தொடக்கத்தில் ரெயில்ஸ்காரர்கள் பலரைப் பாடாய்ப்படுத்திய ஒரு பிழையை எடுத்துக்கொள்ளலாம். வலைச் சர்வருக்கும் சட்டகத்துக்கும் நடுவே நின்று பேசுவது ராக் என்ற ஜெம். ரெயில்ஸ் 2.3.5 அதை ‘~> 1.0.0’ என்ற குறியோடு கேட்டது. 1.0 வரிசையில் எதுவானாலும் சரி, 1.1 ஆகாது என்பது அதன் பொருள். 2010 ஜனவரியில் ராக் 1.1.0 வெளியானது. செயலிக்கு முன்பாகவே விழித்துக்கொள்ளும் சர்வர் ஜெம் ‘ராக் 1.0 அல்லது அதற்கு மேல்’ என்று கேட்டால், ரூபிஜெம்ஸ் புதிய 1.1.0ஐ எடுத்துக் கொடுத்துவிடும். சற்றுப் பொறுத்து ரெயில்ஸ் வந்து 1.0.0ஐக் கேட்கும்போது இருக்கை நிரம்பியிருக்கும். 1.1.0 ஏற்கெனவே செயல்பட்டுவிட்டது, 1.0ஐச் செயல்படுத்த முடியாது என்ற செய்தியோடு செயலி அங்கேயே விழும்.

இருவருக்குமே ஒத்துவரும் 1.0.1 பதிப்பு அதே கணினியில் இருந்திருக்கும். முதலில் வந்தவர் இரண்டாமவரை எண்ணிப் பார்க்காமல் முடிவெடுத்ததுதான் தவறு. எல்லோருடைய நிபந்தனைகளையும் முன்கூட்டியே கேட்டுவிட்டு முடிவெடுக்க ரூபிஜெம்ஸில் வழியே இல்லை. நேற்று ஓடிய செயலி, யாரோ எங்கோ ஒரு புதிய ஜெம்மை வெளியிட்டதால் இன்று காலை ஓடவில்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

ஆடாமல் நிறுத்தும் முயற்சிகள்

இதைத் தாங்க முடியாமல் ரெயில்ஸ்காரர்கள் கண்ட முதல் வழி, எல்லாவற்றையும் செயலிக்குள்ளேயே நகலெடுத்து வைப்பது. ‘வெண்டர்’ என்ற அடைவு இதற்கென்றே இருந்தது. ஒரு ரேக் கட்டளை ரெயில்ஸ் சட்டகம் முழுவதையும் அதற்குள் கொண்டுவந்து உறைய வைத்துவிடும். துணை நிரல்களும் ‘பிளகின்’ என்ற வடிவில் அதே அடைவுக்குள் வந்து குவிந்தன. பிளகினுக்குப் பதிப்பெண் கட்டாயமில்லை. எப்போது, எந்த நிலையில் நகலெடுத்தது என்பது நகலெடுத்தவருக்கே சில மாதங்களில் மறந்துவிடும். பிளகின் முறையை ரெயில்ஸ் முற்றாகக் கைவிட்டது 2013இல், 4.0 பதிப்பில்.

இரண்டாவது வழி, 2.1இல் வந்த ‘கான்ஃபிக்.ஜெம்’ வரி. செயலிக்கு என்ன தேவை என்பதைச் செயலியே சொல்லட்டும் என்ற எண்ணம் சரியானது. அதை எழுதி வைத்த இடம்தான் பிசகு. அந்த வரி குடியிருந்தது அமைவுக் கோப்புக்குள். அமைவுக் கோப்பை வாசிக்க ரெயில்ஸ் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ரெயில்ஸ் ஏறும்போதே பல ஜெம்கள் செயல்பட்டுவிடும். விடுபட்ட ஜெம்களை நிறுவுவதற்கென ஒரு ரேக் கட்டளையும் இருந்தது. பட்டியலை அறிய அந்தக் கட்டளை செயலியை ஏற்றிப் பார்க்கும். செயலியோ விடுபட்ட ஜெம் இல்லாமல் பாதியில் நின்றுவிடும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழி இந்த முடிச்சுக்கு அப்படியே பொருந்தும்.

ஜெம்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அந்த நாளில் உறுதியாக இல்லை. 2008இல் கிட்ஹப் தானே ஜெம்களைக் கட்டித் தரத் தொடங்கியது. அங்கே கட்டிய ஜெம்மின் பெயருக்கு முன்னால் ஆசிரியரின் பயனர்பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒரே நிரலகம் இரண்டு, மூன்று பெயர்களில் உலவியது. 2009 அக்டோபரில் கிட்ஹப் அந்தச் சேவையை நிறுத்தியபோது, நிக் குவாரன்டோ உருவாக்கிய ஜெம்கட்டர் அந்த இடத்துக்கு வந்தது. பிறகு அதுவே ரூபிஜெம்ஸ்.ஆர்க் ஆனது. ரெயில்ஸ் 2.1 எழுதித் தந்த மாதிரிக் கோப்பிலேயே, ‘ஹெச்பிரிகாட்’ என்ற ஜெம்மை ஒரு முகவரியிலிருந்து எடுக்கலாம் என்று ஓர் எடுத்துக்காட்டு வரி இருந்தது. ‘வை த லக்கி ஸ்டிஃப்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த கலைஞரின் சொந்தத் தளம் அது. 2009 ஆகஸ்டில் அவர் எந்த அறிவிப்பும் இல்லாமல் தன் தளங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு இணையத்திலிருந்து விலகிப் போனார். நண்பர்களும் வாசகர்களும் கைவசமிருந்த நகல்களைச் சேர்த்து அவருடைய நிரல்களை மீட்டார்கள். ஆனால் மாதிரிக் கோப்பில் அச்சாகியிருந்த முகவரி வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது.

பூட்டுக் கோப்பு

2008 டிசம்பர் 23 அன்று ரெயில்ஸும் அதன் போட்டிச் சட்டகமான மெர்பும் இணையப் போவதாக அறிவிப்பு வந்தது. மெர்ப் பல சிறு ஜெம்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஒன்றுக்கொன்று பொருந்தாத பதிப்புகளின் வலியை மெர்ப்காரர்கள் முழுமையாக அனுபவித்திருந்தார்கள். அந்த அணியிலிருந்து வந்த யெஹுதா கட்ஸ், கார்ல் லெர்ஷே இருவரும் 2009இல் பண்ட்லர் என்ற கருவியைத் தொடங்கினார்கள். ஆந்த்ரே ஆர்கோ பின்னர் அதைப் பல்லாண்டு வளர்த்தார். 2010 பிப்ரவரியில் வந்த 0.9 ஏறக்குறைய முழுதாகத் திருப்பி எழுதப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், ரெயில்ஸ் 3.0 வெளியானதை ஒட்டி, பண்ட்லர் 1.0 வந்தது.

பண்ட்லர் செய்த முதல் வேலை, சார்புகளை அமைவுக் கோப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தது. ‘ஜெம்ஃபைல்’ என்ற தனிக் கோப்பு செயலியின் வாசலுக்கே வந்தது. அதைப் படிக்க ரெயில்ஸ் தேவையில்லை; ரூபியும் பண்ட்லரும் போதும். 2008இல் விழுந்த முடிச்சு அவிழ்ந்தது.

இரண்டாவது வேலைதான் வரலாற்றைத் திருப்பியது. பண்ட்லர் எல்லா ஜெம்களின் நிபந்தனைகளையும், அவற்றின் சார்புகளின் நிபந்தனைகளையும் திரட்டி, அனைவருக்கும் ஒத்துவரும் ஒரே தொகுதியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஜெம்மின் துல்லியமான பதிப்பையும் ‘ஜெம்ஃபைல்.லாக்’ என்ற கோப்பில் எழுதி வைத்தது. 0.9இல் இந்தப் பூட்டுக்குத் தனிக் கட்டளை இருந்தது, விருப்பமிருந்தால் பூட்டலாம். 1.0இல் பூட்டுவது இயல்பானது. நிரலாளர் தன் விருப்பத்தைத் தளர்வாக ஜெம்ஃபைலில் எழுதுவார். கருவி தன் முடிவை இறுக்கமாகப் பூட்டுக் கோப்பில் எழுதும். விருப்பம், முடிவு என்ற இந்தப் பிரிவினை அந்த ஆண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதுவரை ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக எடுக்கப்பட்ட முடிவு, இப்போது ஒரு முறை எடுக்கப்பட்டு, பதிவாகி, நிரலோடு சேர்ந்து குழுவில் எல்லோருக்கும் போனது. எந்த நாளில், யார், எந்தப் பதிப்பை மாற்றினார் என்பதும் நிரல் வரலாற்றில் பதிந்தது.

அந்த ‘ஒரே தொகுதி’யைக் கண்டுபிடிப்பது எளிய வேலையன்று. பத்துக் குடும்பங்களுக்கும் ஒத்துவரும் முகூர்த்த நாளைத் தேடுவது போன்றது அது. ஒருவருக்காக நாளை மாற்றினால் இன்னொருவருக்கு இடிக்கும். கணிப்பொறியியலில் ‘என்பி-முழுமை’ என்று வகைப்படுத்தப்படும் கடினக் கணக்குகளில் இதுவும் ஒன்று. பழைய பண்ட்லர் சில ஜெம்ஃபைல்களோடு நிமிடக்கணக்கில் மல்லாடும். சாமுவேல் கிடின்ஸ் எழுதிய மோலினிலோ என்ற தீர்ப்பான் பின்னர் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆப்பிள் கருவிகளுக்கு நிரல் எழுதுவோரின் கோகோபாட்ஸ் கருவிக்கும் அதே தீர்ப்பான்தான். 2022 டிசம்பரில் வந்த பண்ட்லர் 2.4, பப்கிரப் என்ற முறைக்கு மாறியது. டார்ட் மொழிக்காக நடாலி வைசன்பாம் வகுத்து 2018இல் வெளியான முறை அது. தீர்வு கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்பதை, எந்த நிபந்தனை எதோடு மோதியது என்று படிப்படியாகச் சொல்வது அதன் சிறப்பு. பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தியைப் படித்துக் குழம்பியவர்களுக்கு அது எத்தனை ஆறுதல் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

பூட்டுக் கோப்பு ரூபியோடு நிற்கவில்லை. பிஎச்பி மொழியின் கம்போசர் அதே முறையை எடுத்துக்கொண்டது. கட்ஸும் லெர்ஷேயும் பின்னர் ரஸ்ட் மொழிக்கு கார்கோவைக் கட்டியபோது பூட்டுக் கோப்பைக் கூடவே கொண்டுபோனார்கள். 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட யார்ன் கருவியிலும் கட்ஸின் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே என்பிஎம் தன் ஐந்தாம் பதிப்பில் பூட்டுக் கோப்பைத் தானாக எழுதத் தொடங்கியது.

அமைவு ஏறும் வரிசை

சார்புகள் வெளியேறிய பிறகும் அமைவுகளின் வீட்டில் அமைதி வந்துவிடவில்லை. ரெயில்ஸ் பிறந்ததிலிருந்தே உருவாக்கம், சோதனை, பயன்பாடு என்று மூன்று சூழல்களைப் பிரித்து வைத்திருந்தது. இது அதன் தொடக்ககாலத் தெளிவுகளில் ஒன்று. தரவுத்தள விவரங்களுக்கு ‘டேட்டாபேஸ்.ஒய்எம்எல்’ என்ற யாம்ல் கோப்பு. 2.0இல் ‘இனிஷியலைசர்ஸ்’ என்ற அடைவு சேர்ந்தது. அதனுள் இருக்கும் கோப்புகள் அகர வரிசையில் ஏறும். ஒரு கோப்பு இன்னொன்றுக்கு முன்னால் ஏறியாக வேண்டும் என்றால் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிடுவார்கள். பல செயலிகளில் இன்றும் அந்த எண்களைக் காணலாம்.

சட்டகத்தின் உள்ளே இதற்கு மேலான தீர்வு 3.0இல் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் படியும் ‘நான் இன்னதற்குப் பின்’, ‘இன்னதற்கு முன்’ என்று தன் இடத்தை அறிவிக்கும். ரெயில்ஸ் அந்த அறிவிப்புகளைத் திரட்டி, ரூபியோடு வரும் ‘டிசார்ட்’ வரிசையாக்கத்தைக் கொண்டு ஏறுவரிசையைக் கணக்கிடும். பண்ட்லர் ஜெம்களுக்குச் செய்ததும் இதுவும் ஒரே குடும்பத்து யோசனை. முதலில் எல்லோரையும் கேள், பிறகு முடிவெடு. இரண்டும் ஒரே பதிப்பில், ஒரே ஆட்களின் கைவண்ணத்தில் வந்தது தற்செயலாக இருக்க முடியாது.

தனியே பேச வேண்டியது யாம்ல். மனிதக் கண்ணுக்கு இதமான வடிவம் என்பதற்காகத்தான் ரெயில்ஸ் அதைத் தேர்ந்தது. ஆனால் ரூபியின் யாம்ல் வாசிப்பான் எண்களையும் சொற்களையும் மட்டுமல்ல, விரும்பிய எந்த வகுப்பின் பொருளையும் உருவாக்கித் தரவல்லது. 2013 ஜனவரி 8 அன்று அறிவிக்கப்பட்ட ரெயில்ஸ் பாதுகாப்பு ஓட்டையின் வேர் அதுவே. வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோரிக்கைக்குள் யாம்லை ஒளித்து அனுப்பினால், சர்வரில் விரும்பிய நிரலை ஓட்டலாம். அதே மாத இறுதியில் ரூபிஜெம்ஸ்.ஆர்க் தளமும் இதே வகைத் தாக்குதலுக்கு ஆளானது. ஜெம்மின் விவரக்குறிப்பு எழுதப்படுவதும் யாம்லில்தான். சார்புகளை வழங்கும் களஞ்சியமே உடைந்தால் அதிலிருந்து ஏற்கெனவே எடுத்தவற்றை எப்படி நம்புவது? தன்னார்வலர்கள் களஞ்சியத்தின் ஜெம்களை வெளி நகல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அந்த நாள்களில் தூக்கமின்றி உழைத்தவர்களுக்கு ரூபி உலகம் கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஜெம்முக்கும் சரிபார்ப்புத் தொகையைப் பூட்டுக் கோப்பிலேயே எழுதி வைக்கும் வசதி, 2024 டிசம்பரில் வந்த பண்ட்லர் 2.6இல் முழு வடிவம் பெற்றது.

யாம்லின் பிரச்சினை அத்தோடு ஓயவில்லை. மேற்கோள் குறியில்லாமல் நார்வேயின் குறியீடான ‘நோ’வை எழுதினால், ரூபியின் வாசிப்பான் அதை ‘இல்லை’ என்ற தருக்க மதிப்பாக எடுத்துக்கொள்ளும். நார்வே மொழிக்கோப்பு எழுதியவர்கள் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ரூபி 3.1 வந்தபோது, அதோடு வந்த சைக் 4 என்ற யாம்ல் வாசிப்பான் இயல்பாகவே பாதுகாப்பான வாசிப்புக்கு மாறியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டு தாமதமானாலும் தேவையான மாற்றம். ஆனால் பாதுகாப்பான வாசிப்பு, ஒரு பகுதியை இன்னொரு இடத்தில் சுட்டும் ‘மாற்றுப்பெய’ரை ஏற்காது. ரெயில்ஸ் தானே எழுதித் தரும் டேட்டாபேஸ்.ஒய்எம்எல் கோப்போ, பொதுவான விவரங்களை ஒரு முறை எழுதி, மூன்று சூழல்களிலும் மாற்றுப்பெயரால் சுட்டும். விளைவாக, பழைய ரெயில்ஸ் பதிப்புகள் தங்கள் அமைவுக் கோப்பையே படிக்க முடியாமல் நின்றன. பலர் அதற்குக் கண்ட உடனடி மருந்து, ஜெம்ஃபைலில் சைக்கை நான்குக்குக் கீழே நிறுத்தி வைப்பது. அமைவுக் கோப்பில் வந்த நோய்க்கு மருந்து சார்புக் கோப்பில் கிடைத்தது. இரண்டையும் தனித்தனி அறிவுத் துறைகளாகப் படிப்பவர்கள் இந்த நிகழ்வை ஒரு முறை ஊன்றிப் பார்ப்பது நல்லது.

ரகசியத்தின் பயணம்

குக்கீக்கு முத்திரையிடும் சாவி 2.1 காலத்தில் என்விரான்மென்ட்.ஆர்பி கோப்பில் இருந்தது என்று பார்த்தோம். 3.0இல் அது ‘சீக்ரெட்_டோக்கன்.ஆர்பி’ என்ற தனிக் கோப்புக்குப் போனது. அறை மாறியதே தவிர வீடு மாறவில்லை. நிரலோடு சேர்ந்து அதுவும் பொதுக் களஞ்சியங்களில் ஏறியது. திறமூலச் செயலியை இறக்கி நிறுவிய ஒவ்வொருவரும், மாற்ற மறந்தால், ஒரே சாவியோடு வாழ்ந்தார்கள். அந்நாளில் குக்கீக்குள் இருந்தது ரூபிப் பொருள்களின் நேரடி வார்ப்பு. சாவி தெரிந்தவர் தான் விரும்பிய பொருளை வார்த்து, முத்திரையிட்டு அனுப்பி, சர்வரையே கைப்பற்ற முடியும். குக்கீயை மறைக்குறியாக்கும் வழக்கம் 4.0இல் வந்தது, புதிய செயலிகளில் ஜேசன் வடிவம் இயல்பானது 4.1இல்.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து தெளிவு பிறந்தது. ரூபிச் செயலிகளைத் தாங்கும் சேவையாகத் தொடங்கிய ஹெரோக்குவில் ஆயிரக்கணக்கான செயலிகள் எங்கே உடைகின்றன என்பதை நேரில் பார்த்த ஆடம் விக்கின்ஸ், 2011இல் ‘பன்னிரு காரணிகள்’ என்ற அறிக்கையை எழுதினார். அதில் இரண்டாம் காரணி சார்புகள். மூன்றாம் காரணி அமைவுகள். சார்புகளை வெளிப்படையாக அறிவி. இடத்துக்கு இடம் மாறும் அமைவுகளைச் சூழல் மாறிகளில் வை என்பது அதன் சாரம். சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று அறிய அவர் தந்த உரைகல் எளிமையானது: இந்தக் கணமே நிரலைப் பொதுவில் வைத்தால் எந்தக் கடவுச்சொல்லும் வெளியே போகாது என்று சொல்ல முடியுமா? அடுத்த ஆண்டு பிராண்டன் கீப்பர்ஸ் எழுதிய டாட்என்வ் ஜெம், உருவாக்குபவரின் கணினியிலும் இந்த முறையைக் கையாள வழி செய்தது.

சூழல் மாறிகளுக்கும் குறை உண்டு. அவற்றின் மதிப்புகள் எல்லாமே எழுத்துச் சரங்கள். ஒரு வசதியை அணைப்பதற்காக ‘ஃபால்ஸ்’ என்று மாறியில் எழுதினால், ரூபி அதை எழுத்துச் சரமாக, அதாவது ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும். மாறிகள் பெருகப் பெருக, எவையெல்லாம் தேவை என்ற பட்டியல் எங்கும் இல்லாமல் போகும். யார், எப்போது மாற்றினார் என்ற வரலாறும் இராது.

ரெயில்ஸ் நடுவழியைத் தேடியது. 2014இல் 4.1 ‘சீக்ரெட்ஸ்.ஒய்எம்எல்’ கோப்பைத் தந்தது. 2017இல் 5.1 அதை மறைக்குறியாக்கியது. 2018இல் 5.2 ‘கிரெடென்ஷியல்ஸ்’ என்ற கோப்போடு வந்தது. ரகசியங்கள் மறைக்குறியாக்கப்பட்டு நிரலோடு பயணம் செய்யும். அவற்றைத் திறக்கும் ஒற்றைச் சாவி மட்டும் வெளியே, சூழல் மாறியிலோ களஞ்சியத்துக்குள் ஏறாத கோப்பிலோ இருக்கும். நூறு ரகசியங்களைக் காக்கும் வேலை ஒரு சாவியைக் காக்கும் வேலையாகச் சுருங்கியது. பழைய சீக்ரெட்ஸ் முறை 2024இல், 7.2 பதிப்பில் நீக்கப்பட்டது.

பதிப்பெண் பெற்ற அமைவு

சார்புகளின் உலகிலிருந்து அமைவுகளின் உலகம் கற்றுக்கொண்ட ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. சட்டகம் வளரும்போது அதன் இயல்பான நடத்தையும் மாறும். ‘சொந்தமானது’ என்ற உறவைக் குறித்தால் அந்த உறவு கட்டாயம் என்பது 5.0இல் வந்த மாற்றம். பழைய செயலியில் இதைத் திடீரென்று திணித்தால் சேமிப்புகள் தோற்கும். 5.1இல் வந்த ‘லோட்_டிஃபால்ட்ஸ்’ என்ற ஒற்றை வரி இதற்கு விடை. சட்டகம் 6.0 ஆனாலும் நடத்தை 5.0 காலத்தையதாக இருக்கட்டும் என்று செயலி சொல்லலாம். நிரலின் பதிப்பும் நடத்தையின் பதிப்பும் தனித்தனியாக, தனித்தனி நாளில் முன்னேறலாம்.

பெரிய செயலிகளின் அனுபவம் இதன் அருமையைக் காட்டுகிறது. கிட்ஹப் தன் செயலியை ரெயில்ஸ் 3.2இலிருந்து 5.2க்கு மாற்ற ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டு 2018 ஆகஸ்டில் முடித்தது. இரண்டு பூட்டுக் கோப்புகளை அருகருகே வைத்து, ஒரு சூழல் மாறியின் மதிப்பைப் பார்த்து எந்தச் சட்டகத்தோடு ஏறுவது என்று முடிவு செய்யும் ‘இரட்டைத் தொடக்க’ முறையை அவர்கள் கையாண்டார்கள். பூட்டிய சார்புகளில் எந்தத் தொகுதி என்பதையே ஓர் அமைவு தீர்மானித்தது.

பூட்டின் எல்லையைக் காட்டிய நாள் 2021 மார்ச் 24. கோப்பின் வகையைக் கண்டறியும் மைம்மேஜிக் என்ற சிறு ஜெம், எம்ஐடி உரிமத்தில் வெளியாகிவந்தது. ஆனால் ஜிபிஎல் உரிமம் கொண்ட தரவுக் கோப்பு ஒன்று அதனுள் இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. பராமரித்தவர் பழைய பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து விலக்கி, ஜிபிஎல் உரிமத்தில் புதியதை வெளியிட்டார். ரெயில்ஸின் கோப்புச் சேமிப்புப் பகுதி மார்செல் என்ற ஜெம்மை நம்பியிருந்தது; மார்செல் மைம்மேஜிக்கை. பூட்டுக் கோப்பில் 0.3.5 என்று உறுதியாக எழுதியிருந்தது. அந்தப் பதிப்புதான் உலகில் இல்லை. புதிதாக நிறுவ முயன்ற ரெயில்ஸ் செயலிகள் உலகெங்கும் நின்றன. ரெயில்ஸ் அணியும் மார்செலைப் பராமரித்தவர்களும் தரவின் மூலத்தையே மாற்றி, சில நாள்களுக்குள் 5.2.5, 6.0.3.6, 6.1.3.1 என்ற மூன்று பதிப்புகளை வெளியிட்டார்கள். அந்த வாரம் தப்பித்தவர்களில், ஜெம்களின் நகலைத் தங்கள் வெண்டர் அடைவிலேயே சேமித்து வைத்திருந்தவர்களும் அடக்கம்.

இன்று புதிய ரெயில்ஸ் செயலி ஒன்றைத் தொடங்கினாலும் என்விரான்மென்ட்.ஆர்பி கோப்பு எழுதப்படத்தான் செய்கிறது. குறிப்புகளை நீக்கினால் அதில் இரண்டே வரி: செயலியை அழை, தொடங்கு. பதிப்பெண் ஜெம்ஃபைல்.லாக்குக்குப் போய்விட்டது, அமைவு அப்ளிகேஷன்.ஆர்பி கோப்பில் இருக்கிறது. ரகசியம் மறைக்குறிக் கோப்பில். ஆயினும் குடித்தனங்கள் முற்றாகப் பிரிந்துவிடவில்லை. 2023இல் வந்த ரெயில்ஸ் 7.1, செயலியைக் கொள்கலனாகக் கட்டுவதற்கான டாக்கர் கோப்பையும் சேர்த்தே எழுதித் தருகிறது. கட்டும்போது பாணித்தாள்களையும் படங்களையும் தயார் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ரகசியச் சாவி தேவையே இல்லை. ஆனால் அதைச் செய்யச் செயலி முழுவதையும் ஏற்ற வேண்டும். செயலியோ சாவி இல்லாமல் ஏறாது. உண்மையான சாவியைக் கொள்கலனுக்குள் வைக்கவும் கூடாது. எனவே அந்த ஒரு படிக்கு மட்டும் பொய்ச் சாவி ஒன்றைப் பயன்படுத்திக்கொள் என்று சொல்லும் சூழல் மாறி அந்தக் கோப்பில் இடம்பெற்றிருக்கிறது. 2008இல் ஜெம்களை நிறுவச் செயலியை ஏற்ற வேண்டியிருந்ததே, அதே முடிச்சு வேறோர் இடத்தில் இன்னும் விழுந்து கிடக்கிறது.